காலி இடத்தைச் சொல்லப்படாது

வேலை போன மறுநாளிலிருந்து வள்ளிநாயகம் பிள்ளை தம் வீட்டுக்குள்ளேயே பந்து வாத்தியாராகிவிட்டார்.

அடுக்களை நிலையில் சாய்ந்து நிற்பார். அழகியநாயகி தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருப்பாள். "இப்ப எறக்கு. எறக்குட்டீ. ஒரு கிண்டு கூடிப்போச்சு" என்பார். கிணற்றடியில் அவள் வாளியை இழுத்தால், "வலது கை மேல, வலது கை மேல" என்று பின்னாலிருந்து குரல் வரும். முற்றத்துப் பெட்டைக்கோழி குஞ்சுகளை முருங்கை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போவதைக்கூட அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "பருந்து கெழக்க நிக்கி, இது மேக்க பாத்துட்டுப் போவுது" என்று எழுந்துபோய் அவற்றைத் திருப்பிவிட்டு வந்தார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பகல் முழுக்க அவர் வீட்டில் இருந்து அழகியநாயகி கண்டதில்லை. இரண்டே பேர் உள்ள வீடு. அது இவ்வளவு சிறிய வீடு என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒரே ராஜ்யமாக்கி அதிக நாளாகாத காலம் அது. நாகர்கோவிலில் சிவகாமி மோட்டார் என்று ஒரு பஸ் கம்பெனி இருந்தது. அதன் வண்டிகள் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்கும், மேற்கே திருவனந்தபுரத்துக்கும் ஓடின. முதலாளி முத்துநாயகத்துக்குப் பந்துகளி என்றால், கால்பந்து ஆட்டம் என்றால், பைத்தியம். நன்றாகக் களிக்கிற பையன்களாகத் தேடிப் பிடித்து, கண்டக்டராகவும் கிளீனராகவும் வேலை கொடுத்து, ஓர் அணி சேர்த்திருந்தார். அந்த அணியைப் பழக்கியவர் வள்ளிநாயகம் பிள்ளை. கம்பெனிக் கணக்கில் அவர் டைம்கீப்பர். பஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் பந்து வாத்தியார். அவர் விசில் வைத்துக்கொண்டதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, களி தொடங்கியது முதல் முடிகிறவரை கத்திக்கொண்டே இருப்பார். தண்ணீர் பாய்ச்சுகிறவன் ஒரு வரப்பில் நின்று நாலு வரப்புக்கு அப்பால் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல் அது. அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தக் குரல் உண்டு. மற்றவர்கள் அதை வயலில் செலவழித்தார்கள்.

அந்தக் குரலால்தான் வேலை போனது. ஆலப்புழையில் நடந்த ஒரு களியில், எதிராளி கார்னர் உதைக்கப்போகிற நேரத்தில், வெள்ளை வேட்டி உடுத்த ஒருவர் குடையோடு கோட்டுக்குள் கால் வைத்தார். வள்ளிநாயகம் பிள்ளை பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெளிய போவும் ஓய். வயித்தையும் எடுத்துக்கிட்டு வெளிய போவும்" என்றார். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. குடைக்காரர் முத்துநாயகம் முதலாளி. அடுத்த வாரம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார், கழுத்தில் விசிலோடு பொட்டலுக்கு வந்து சேர்ந்தார்.

"ஒடப்பெறந்தவன் வாயில ஒரு பூட்டு போட்டு வளத்திருக்கணும்" என்றாள் பகவதியம்மாள். வள்ளிநாயகம் பிள்ளையின் அக்கா. அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். "எங்கம்மை செய்யல்ல. நீயாவது செய்திருக்கலாம், நாயகி."

"நான் வரும்போதே சத்தம் முத்திப் போச்சே, மயினி."

கும்பப்பூ அறுவடை முடிந்த கையோடு அவருடைய அண்ணன் நாராயணபெருமாள் பிள்ளை வந்தார். உட்காரவில்லை. "கன்னிப்பூ விதைப்புலேருந்து நீ வயலுக்கு வா. நீ ஒண்ணும் குனிய வேண்டாம். வரப்புல நின்னு ஆளுகளுக்குச் சத்தம் குடுத்தாப் போதும். பழகின வேலைதான" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது. அன்று சாயங்காலம் வள்ளிநாயகம் பிள்ளை சாப்பிடவில்லை. பழையாற்றுக் கரையோடு நடந்துபோய் எங்கெங்கோ சுற்றி, வேட்டி நுனியெல்லாம் ஒட்டுப்புல்லோடு திரும்பி வந்தார்.

அந்த மாசியில்தான் வேலிமலைக் கோப்பைப் பந்தயம் நடந்தது. வடசேரிக்கு அப்பால், அறுத்துப்போட்ட வயல்களை ஒட்டிய மைதானம். முன்பக்கம் இருப்பவன்தான் பந்தைப் பார்க்கலாம். பின்னால் நிற்கிறவனுக்கு மனிதத் தலைகள்தாம் தெரியும். ஆகவே பந்தயக் கமிட்டிக்காரர்கள் நாலு தென்னைகளில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, கோல் போட்டவன் பெயரைச் சொல்ல ஒருவரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். வேலை போன பந்து வாத்தியாருக்கு இதையாவது கொடுப்போம் என்று அவரையே அழைத்தார்கள். அவருக்குப் பெயர் மட்டும் சொல்லத் தெரியவில்லை. பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எவன் தூங்குகிறான், எவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று களி முழுவதையும் சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் கண்ணாடி போட்ட ஒருவர் வீட்டைத் தேடி வந்தார். பெயர் ராஜமணி. திருவனந்தபுரம் ரேடியோ நிலையத்தில் ஆபீசர், மனைவிக்கு வடசேரி. பேச்சு வளர்ந்து சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் அழகியநாயகி இலை போட்டாள். இடிசக்கைத் துவரனை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரை அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஒம்ம சத்தத்தை நான் களத்துல இருந்து கேக்கல்ல" என்றார் ராஜமணி. "மாமனார் வீட்டு மச்சுல படுத்துக் கெடந்து கேட்டேன். களியைக் காணாமக் கேட்டேன். பாதிதான் வெளங்கிச்சு. ஆனா எழும்பி உக்காந்துட்டேன்."

"மீதிப் பாதி?"

"அதை நீரு எனக்குச் சொல்லல்ல. களிக்கிறவனுக்குச் சொன்னீரு. 'ஏறு, ஏறு'ன்னீரு. மச்சுல கெடக்குகவன் எங்க ஏறுகதுக்கு?"

அடுக்களைக்குள் அழகியநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ராஜமணி விஷயத்துக்கு வந்தார். இனிமேல் பெரிய பந்தயங்களை ரேடியோவில் அப்போதைக்கப்போதே சொல்லப்போகிறார்கள். மலையாளத்தில் சொல்ல ஆள் உண்டு. தமிழில் சொல்லவும், வாரத்துக்கு ஒருமுறை பந்தயங்களைப் பற்றிப் பேசவும் ஒருவர் வேண்டும். "நல்லாப் பேசுகவன் நூறு பேரு வருவான். பந்துகளி தெரிஞ்சவன் வரமாட்டான். கடைசிக் களி அன்னைக்கு நான் ஒம்ம பக்கத்துல வந்து உக்காருகேன். கேக்குகேன். ஒத்துவந்தா வேலை."

"ஒத்துவரணும்னா?"

"பந்தைக் காணாதவனுக்குப் பந்தைக் காட்டணும். அவ்வளவுதான். களிக்கிறவன் என்ன செய்யணும்னு சொல்லுகது இப்ப ஹவில்தாருக்கு உள்ள வேலை."

வள்ளிநாயகம் பிள்ளை இலையில் மோரை வழித்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் கையை நிறுத்தி, பிறகு வழித்தார்.

அன்று முதல் பழக்கம் நடந்தது. அவர் தெருவைப் பார்த்து உட்காருவார். அவள் அடுக்களையில் இருந்தபடி கேட்பாள். தெருவில் நடப்பது அவளுக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்; அது ஏற்பாடு.

"சுடலையாண்டி வண்டியோட வாறான். வைக்கோல் பாரம். வலது பக்கம் சரிஞ்சு கெடக்கு. வலத்து மாடு கழுத்தைக் குடுக்குது. இடத்து மாடு சும்மா கூட வருது. தெரு முனையில சாக்கடைப் பள்ளம். வண்டி பள்ளத்துக்கு நேரா..."

அழகியநாயகிக்கு வண்டி தெரிந்தது. வைக்கோல் வாசனைகூட வந்தது.

"ஏலே, இடத்து மாட்டை இழுலே. பள்ளம்லா கெடக்கு. கண்ணு பொறத்தாலயா இருக்கு?"

வண்டி நின்றது. சுடலையாண்டியின் குரல் கேட்டது. "நான் இந்தப் பள்ளத்துலதான் தெனமும் எறங்கி ஏறுகேன், வாத்தியாரே. மாட்டுக்குத் தெரியும். நீரு உமக்கு உள்ள சோலியைப் பாரும்."

அழகியநாயகி கரண்டியோடு வெளியே வந்தாள். "இந்நேரம் ரேடியோக்காரரு எழும்பிப் போயாச்சு" என்றாள்.

"வண்டி சாஞ்சிருக்கும்."

"சாயட்டும். சாஞ்சுதுன்னு சொல்லுங்க. அதுதான வேலை?"

"சாயும்முன்ன கண்டவன் எப்படி நாயகி அப்படிச் சொல்லுவான்?"

அவள் அவரைப் பார்த்தாள். தாடையில் நரை விழுந்த மனிதர். உட்கார்ந்திருக்கும்போதும் வலது பாதம் தரையில் எதையோ தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. "இது கிட்டல்லேன்னா உங்க அண்ணாச்சிக்க வயலு" என்றாள். "அங்க நீங்க ஒரு பூ அறுப்புக்கு மேல நிக்கமாட்டீங்க. ஒண்ணு நீங்க ஏசிட்டு வருவீங்க, இல்லேன்னா அவரு ஏசி அனுப்புவாரு. அதுக்குப் பொறவு இந்த வீட்டுக்குள்ள நாம ரெண்டு பேரும் என்ன செய்யப்போறோம்?"

"கடைசிக் களியில எங்க பயக்களும் உண்டு."

"இப்ப அது ஹவில்தாருக்க பயக்க."

மறுநாளிலிருந்து அவர் தெருவில் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காமல், அவர்களைப் பற்றி மட்டும் பேசக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு விழுங்கல் இருந்தது.

கடைசிக் களி நடந்த சனிக்கிழமை அழகியநாயகியின் முற்றம் முழுக்க அவித்த நெல் காய்ந்தது. விடியற்காலை அவித்துப் பரப்பியது. வெயில் சாய்வதற்குள் பல தடவை காலால் கிளறிக் கொடுக்க வேண்டும். அவள் ஒரு சாலில் பாதத்தை அழுத்தி இழுத்துக்கொண்டு போக, அடுத்த சாலில் பகவதியம்மாள் எதிரே வருவாள். குதிகாலின் கீழ் நெல் சுடும். கிழக்கேயிருந்து கணவாய்க் காற்று வந்துகொண்டிருந்தது. மைதானம் கிழக்கே இருந்ததால் தென்னைக் குழாயின் சத்தம் அறுத்த வயல்களைத் தாண்டி நேரே முற்றத்துக்கு வந்தது. காற்று தணிகிறபோது மட்டும் சொல் அறுந்தது.

"இவனுக்க சத்தம் வீட்டுக்குள்ள கேட்டது போதாதுன்னு இப்ப ஊருக்கெல்லாம் பந்தி போட்டு வெளம்பியாச்சு" என்றாள் பகவதியம்மாள்.

"சும்மா இருங்க மயினி. கேப்போம்."

களி சிவகாமி மோட்டாருக்கும் கொல்லத்து அணிக்கும். அவர் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. நிதானமாக, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிறவரைப் போலப் பேசினார்.

"பந்து கொல்லத்துக்காரரிடம். நெட்டையன் ஒருவன், சிவந்த பனியன், வலது ஓரமாகக் கொண்டுவருகிறான். நம்முடைய, அதாவது சிவகாமி மோட்டாருடைய பேக் ரசலையன் குறுக்கே விழுந்து தட்டிவிட்டான். பந்து வெளியே. ரசலையன் எழுந்து மண்ணைத் தட்டுகிறான்."

அழகியநாயகி ரசலையனைக் கண்டதில்லை. இப்போது கண்டாள்.

"பந்து நடுவில். கொல்லத்து வலது பேக் பந்துக்கு ஆசைப்பட்டு மைதானத்தின் பாதிவரை ஏறி வந்துவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு களம் போடலாம். அவ்வளவு இடம் காலி. அங்கே ஒருவரும் இல்லை. ஒருவருமே இல்லை..."

கூட்டத்தின் இரைச்சல் எழுந்தது. குரல் விரைந்தது. "ஜெபசீலன் ஓடுகிறான். அந்தக் காலி இடத்துக்குத்தான் ஓடுகிறான். பந்து அவன் காலுக்கே வருகிறது. கோல் காக்கிற கோலி முன்னால் வருகிறான். ஜெபசீலன் பந்தை அவன் பக்கவாட்டில் தள்ளினான். கோல்."

பகவதியம்மாள் நெல்லுக்கு நடுவில் நின்றுவிட்டாள். "யாரு போட்டது?"

"ஜெபசீலன். கிளீனர் பையன். தீவாளிக்கு இங்க வந்து ரசவடை தின்னுட்டுப் போனாம்லா, அவன்."

அதன் பிறகு குழாயில் வந்தது களி அல்ல. மைக்கை யாரும் அணைக்கவில்லை. கொல்லத்துக்காரன் யாரோ மூச்சிரைக்க மேடையேறி மலையாளத்தில் கத்தினான். "ஈ மனுஷ்யன் மைக்கில் கூடி களி படிப்பிக்குந்நு. ரெப்ரீ, இது ஞங்ஙள் சம்மதிக்கில்ல."

"என்னவாம்?" என்றாள் பகவதியம்மாள்.

"மைக்குல இருந்துட்டு இவரு களி படிச்சுக் குடுக்காராம். ஒத்துக்கிட மாட்டாங்களாம்."

"அதைத்தான பெறந்ததுலேருந்து செய்துட்டு வாறான்."

குழாயில் பல குரல்கள் கலந்தன. ரெப்ரி போலும், ஒருவர் கண்டிப்பாகக் கேட்டார்: "நீங்க உங்க பழைய ஆளுகளுக்கு வழி சொன்னீங்களா, இல்லியா?" வள்ளிநாயகம் பிள்ளையின் குரல், மாப்பிள்ளை வீட்டு நிதானத்தை இழந்து, வீட்டுக் குரலாகிவிட்டது: "நான் கண்டதைச் சொன்னேன். அவன் காதுல விழுந்தா நான் என்ன செய்ய? தென்னைல குழாய் கெட்டினது நானா?" கமிட்டித் தலைவர் இருவரையும் சமாதானப்படுத்தி ஒரு தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளைவாள் பேசட்டும். நடந்ததைப் பேசட்டும். நடக்கப்போறதைப் பேசப்படாது. பந்து உள்ள எடத்தைச் சொல்லலாம். காலி இடத்தைச் சொல்லப்படாது."

"காலி எடத்தைச் சொல்லாமப் பந்துகளியில வேற என்ன ஓய் இருக்கு சொல்லுகதுக்கு?"

பிறகு ராஜமணியின் தணிந்த குரல். மைக்குக்கு மிக அருகில் இருந்திருக்க வேண்டும். அவர் ரகசியமாகச் சொன்னது வடசேரி முதல் பழையாறு வரைக்கும் கேட்டது.

"பிள்ளைவாள், வேலை வேணுமா வேண்டாமா?"

அதற்கு மேல் 'டக்'கென்று ஒரு சத்தம். மைக் அணைந்தது.

அழகியநாயகிக்குக் காது எரிந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்று, வேலிக்கு மேலாக அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். பகவதியம்மாள் குனிந்து நெல்லில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். அழகியநாயகி மறுபடியும் சால் பிடித்து நடந்தாள். வேண்டும் என்று சொல்லியிருப்பாரா? தலையை ஆட்டியிருப்பார். அவர் தலையாட்டுவது குழாயில் கேட்காது.

ஹாப்டைம் முடிந்து குரல் வந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். குரலில் ஓர் ஒழுங்கு வந்திருந்தது. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அது இருந்தது. கொல்லத்துக்காரன் ஒருவன் தலையால் முட்டிக் கோல் போட்டதை, அவன் எழும்பியது, கழுத்தை வெட்டியது, பந்து வலைக்குள் விழுந்தது என்று அடுக்கடுக்காகச் சொன்னார். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நன்றாகச் சொல்கிறார் என்று அவளுக்கே புரிந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று ஒவ்வொரு சாலுக்கும் அவள் மனத்துக்குள் வேண்டிக்கொண்டாள். கோல் ஒன்றுக்கு ஒன்று. யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் ரேடியோ ஜெயிக்க வேண்டும்.

வெயில் தென்னைக்குக் கீழே இறங்கிவிட்டது. நெல்லைக் குவிக்க வேண்டிய நேரம். பகவதியம்மாள் ஓலைக் கடவப்பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

"களி முடிய இன்னும் சிறிது நேரமே இருக்கிறது. கொல்லத்துக்காரர் எறிந்த பந்து ரசலையனிடம் வருகிறது. ரசலையன் ஓங்கி அடித்தான். மிக உயரம். பந்து மைதானத்தின் மறுபாதிக்குப் போகிறது..."

குரல் நின்றது.

அழகியநாயகி காற்று தணிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கொடியில் கிடந்த சேலை ஆடிக்கொண்டிருந்தது. குழாயில் கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டது; ஒரு மூச்சு கேட்டது, உள்ளே இழுத்து வெளியே விடாத மூச்சு. அவளுக்கு அந்த மூச்சு தெரியும். கிணற்றடியில், அடுக்களை வாசலில், 'எறக்கு' என்று வருவதற்கு முன்னால் வருவது. இத்தனை நாள் அந்த மூச்சைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இப்போது நெல்லுக்கு நடுவில் ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்று, "சொல்லுங்க" என்றாள், வாய்விட்டு.

கூட்டம் ஓவென்று இரைந்தது.

"கோல்" என்றது குரல். "கொல்லம் இரண்டு. சிவகாமி மோட்டார் ஒன்று. ரசலையன் அடித்த பந்தைக் கொல்லத்து நடு ஆள் வாங்கித் திருப்பி அனுப்பினான். அது ரசலையனின் பின்பக்கம் வந்தது. நெட்டையன் அங்கே நின்றான். அவனைத் தடுக்க ஒருவரும் இல்லை. தாழ அடித்தான். கோலி விழுந்தான், எட்டவில்லை." ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அதன் பிறகு களி முடிகிறவரைக்கும் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

பகவதியம்மாள் கடவப்பெட்டியோடு வந்தாள். "எடையில என்னவோ நின்னு போச்சே. கரண்டு போச்சா?"

"இல்ல மயினி."

இருவரும் நெல்லைக் குவித்துக்கொண்டிருக்கும்போது ஜெபசீலன் வந்தான். பஸ் ஷெட்டுக்குப் போகிற வழி அதுவல்ல. முழங்காலில் மண் அப்பியிருந்தது. கணுக்காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. நெல்லை மிதிக்காமல் ஓரமாக நின்றான்.

"வாத்தியாரு வரல்லியா, அக்கா?"

"வந்துட்டு இருப்பாரு. இரு மக்கா, மோரு தாறேன்."

அவன் மோரை ஒரே மூச்சில் குடித்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"ரசலையனுக்கு ஒரு கொணம் உண்டு அக்கா. பந்தை ஓங்கி அடிச்சாம்னா, அது போற அழகைப் பாத்துட்டே நிப்பான். பின்னால எவன் வாறான்னு திரும்ப மாட்டான். அவன் அடிச்ச ஒடனே வாத்தியாரு 'ரசலையா'ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. அவன் திரும்பிருவான். எல்லாக் களியிலயும், ஒவ்வொரு அடிக்கும். எங்களுக்கு அது காதுலயே ஏறினதில்ல. இன்னைக்கு அந்தச் சத்தம் வராதப்பதான் இத்தனை நாளும் வந்துட்டு இருந்ததே தெரிஞ்சுது. ஹவில்தாருக்கு எப்படித் தெரியும், பாவம்? அவரு அந்தாலப் பந்தைப் பாத்துட்டு நிக்காரு."

"இவரு பாத்தாரா?"

"நான் திரும்பிப் பாத்தேன் அக்கா. மேடையில எந்திரிச்சு நிக்காரு. வாயைத் தெறந்துட்டு நிக்காரு."

அழகியநாயகி முறத்தால் நெல்லை அள்ளிப் பெட்டியில் போட்டாள்.

தெருமுனையில் ராஜமணியின் சிரிப்பு கேட்டது. வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். "அம்மா, அடுத்த மாசம் இந்த மனுஷரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி வையுங்க. ரெண்டாம் பாதியில பேசினதை அப்படியே ரேடியோவுல வைக்கலாம். மச்சுல கெடந்தவன் எழும்பி உக்காந்தது மட்டுமில்ல, களத்துக்கே வந்துட்டான்." பிறகு வள்ளிநாயகம் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஒரு கொறை உண்டு. சொல்லிருகேன். கடைசிக் கோலுக்கு முன்னால சும்மா நின்னீரு பாரும், அது ரேடியோவுல ஆகாது. நம்மளை மாதிரி பக்கத்துல இருக்கிறவனுக்குப் பரவாயில்ல. வீட்டுல கேக்குகவன் நிலையம் செத்துப்போச்சுன்னு குமிழைத் திருகிருவான். வாயில வந்ததைச் சொல்லி ஒப்பேத்தணும்."

"வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான், சார்" என்றார் வள்ளிநாயகம் பிள்ளை.

அவர் ஜெபசீலனைப் பார்த்துவிட்டார். வேலிப்படலைத் தாண்டி முற்றத்துக்குள் வரவில்லை.

"நீரு கண்டீரா இல்லியா, வாத்தியாரே?" என்றான் ஜெபசீலன். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"கண்டேன்."

"பேரு மட்டும் போதுமே. பேரு சொல்லப்படாதுன்னு அவுங்க சொல்லல்லியே."

"சொல்லல்ல."

"பின்னே?"

வள்ளிநாயகம் பிள்ளை அழகியநாயகியைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் அவளைச் சொல்லிக் காட்டியிருக்கலாம், வேலையைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை.

ராஜமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர்; யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது என்று நினைப்பவர். "இந்தக் கொழப்பம் எல்லாம் இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றார். "நாங்க பேசுகது கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்து. குழாயும் கெடயாது, தென்னையும் கெடயாது. அங்க நீரு காலி எடத்தைச் சொல்லும், பேரைச் சொல்லும், என்ன வேணும்னாலும் சொல்லும். ஆலப்புழை, கொச்சி வரைக்கும் கேக்கும். களத்துல களிக்கிறவன் காதுல விழாது."

"ஒருத்தன் காதுலயுமா?"

"ஒருத்தன் காதுலயும்" என்றார் ராஜமணி, நல்ல செய்தி சொல்கிறவரின் முகத்தோடு.

ஜெபசீலன் மீதி மோரைக் குடித்தான். கிணற்றடிக்குப் போய்க் குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணுக்கால் துணியை இறுக்கிக் கட்டினான். "வாறேன், அக்கா. வாறேன், வாத்தியாரே." படலைத் தாண்டும்போது வள்ளிநாயகம் பிள்ளை விலகி வழிவிட்டார்.

அவன் தெருவில் கொஞ்ச தூரம் போயிருப்பான்.

"ஜெபசீலா."

நாலு வரப்புக்கு அப்பால் கேட்கிற குரல். ராஜமணி திடுக்கிட்டார். ஜெபசீலன் நடந்த வேகத்திலேயே ஒரு காலில் சுழன்று திரும்பி, முழங்காலைச் சற்று மடக்கி, எந்தப் பக்கம் என்று கேட்கிறவனைப் போல நின்றான்.

வள்ளிநாயகம் பிள்ளை படலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழகியநாயகி காத்திருந்தாள். சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஜெபசீலன் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு போனான்.